பனியன் கம்பெனியை நிலைத்து நிற்கும்படி நடத்துவது எப்படி: சிறு யூனிட் முதலாளிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2011 ஜனவரி 28-ம் தேதி, திருப்பூரின் சாயப்பட்டறைகள், ப்ளீச்சிங் பட்டறைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் போட இடமில்லாமல் துணி லாரி ஏறி வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் போனது. சாயத்தண்ணீரில் கை வைத்தே அறியாத கட்டிங், ஸ்டிச்சிங் யூனிட்களும் ஆர்டரை இழந்தன.

அந்த உத்தரவு ஒரே நாளில் வந்ததல்ல. நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாகிவிட்டது. கீழே ஈரோடு, கரூர் பக்கத்து விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். சாயக்கழிவு வெளியே விடுவதை நிறுத்த 2006-ல் உயர் நீதிமன்றம் கெடு வைத்தது, 2009-ல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அத்தனை வருடமும் ஒவ்வொரு பீஸுக்கும் கொடுக்காமல் விட்ட சுத்திகரிப்புச் செலவு அணையில் சேர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் மொத்தமாகக் கட்ட வேண்டி வந்தது.

அதனால்தான் ஆட்கள், பூமி, லாபம் மூன்றையும் ஒரே நோட்டில் எழுத வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். இந்த வழிகாட்டி 30 முதல் 150 மெஷின் வரை வைத்திருப்பவர்களுக்கு. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் உங்களிடம் நடக்கிறது. நிட்டிங்கும் சாயமும் ஜாப் ஒர்க்கில், அதாவது கூலிக்கு வெளியே, போகிறது என்று வைத்துக்கொள்கிறேன். வரிசை முக்கியம். கூரையில் சோலார், சுவரில் சான்றிதழ் என்று ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். அவை இரண்டும் இந்த வரிசையில் பின்னால்தான் வருகின்றன.

படி 1: ஒரு மாதம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

கன்சல்டன்ட் வேண்டாம். ஒரு எக்செல் ஷீட் போதும், நோட்டுப் புத்தகமும் போதும். உள்ளே வந்த துணி எத்தனை கிலோ, வெளியே போன பீஸ் எத்தனை, வேஸ்ட் மூட்டை எத்தனை கிலோ, செக்கிங்கில் நின்றது எத்தனை. ஈ.பி. யூனிட், ஜெனரேட்டர் டீசல் லிட்டர், பாய்லருக்கு விறகோ கேஸோ எத்தனை கிலோ. தண்ணீர் லாரி எத்தனை. இந்த மாதம் சேர்ந்தவர்கள், நின்றுபோனவர்கள் எத்தனை பேர். கடைசி வரியைத்தான் பலரும் எழுதுவதில்லை. நான் முதலில் பார்க்கும் வரி அதுதான்.

மாதக் கடைசியில் ஒவ்வொன்றையும் ஷிப்மென்ட் ஆன பீஸ் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். மொத்த கரண்ட் கூடியிருக்கலாம், ஆர்டரும் கூடியிருக்கும். பீஸுக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் நிலவரம் தெரியும்.

பையர் கார்பன் கணக்கு கேட்டால் பயப்பட வேண்டாம். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒரு லிட்டர் டீசலுக்கு சுமார் 2.7 கிலோ. மாதம் 10,000 யூனிட் ஓடும் கம்பெனி என்றால் கரண்டில் மட்டும் 7 டன். பெருக்கத் தெரிந்தால் போதும்.

படி 2: துணியில் கை வையுங்கள், பெரிய பணம் அங்கேதான் இருக்கிறது

ஒரு பனியனின் அடக்கவிலையில் பாதிக்கு மேல் துணிதான். பூமிக்கு நாம் கொடுக்கும் தொந்தரவிலும் பெரும்பங்கு அதுவே. ஒரு கிலோ பருத்தித் துணி உருவாக உலக சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் போகிறது, அதில் பெரும்பகுதி பருத்தி விளையும் நிலத்திலேயே செலவாகிவிடுகிறது. துணியில் ஒரு கிலோ மிச்சப்படுத்துவது தண்ணீரிலும் கரண்டிலும் சாயத்திலும் சேர்த்து மிச்சப்படுத்துவது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 10,000 டி-ஷர்ட் ஆர்டர், 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 160 கிராம்), பீஸுக்கு 200 கிராம். 2,000 கிலோ துணி வாங்குகிறீர்கள். காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கி நிலைப்படுத்தும் வேலை) முடிந்து வந்த துணி 168 ஜிஎஸ்எம் இருக்கிறது. கையில் தொட்டால் நன்றாகத்தான் இருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு பீஸ் இப்போது 210 கிராம். அந்த 2,000 கிலோவில் 9,520 பீஸ்தான் வரும். பாக்கி 480 பீஸுக்கு இன்னும் 100 கிலோ வாங்க வேண்டும். கிலோ 450 ரூபாய் என்றால் 45,000 ரூபாய். சின்ன ஆர்டரில் மொத்த லாபமே கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும்.

தீர்வு எளிது. ஒரு ஜிஎஸ்எம் கட்டரும் சின்ன டிஜிட்டல் தராசும் வாங்கி வையுங்கள். ஒவ்வொரு லாட்டிலும் மூன்று நான்கு ரோலில், ஓரத்திலும் நடுவிலும் வட்டம் வெட்டி எடை பாருங்கள். சலான் மேலேயே எழுதி, கட்டிங்குக்குப் போகுமுன் காம்பாக்டிங் ஆளிடம் பேசுங்கள். வெட்டின பிறகு பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது மார்க்கர், அதாவது துணி வீணாகாமல் பீஸ் வடிவங்களை நெருக்கி அடுக்கிய வரைபடம். கையால் லே போடும் நல்ல கட்டிங் மாஸ்டருக்கு என் மரியாதை என்றும் உண்டு. ஆனாலும் நாலைந்து சைஸ் கலந்து போடும்போது கம்ப்யூட்டர் மார்க்கர் துணியை மிச்சப்படுத்தும். சொந்தமாக சாஃப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை, பிரின்ட் எடுத்துத் தருபவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். மாஸ்டரைப் பக்கத்தில் உட்கார வைத்தே செய்யுங்கள். அவரை ஒதுக்கிவிட்டுக் கொண்டுவந்த மார்க்கர் கட்டிங் டேபிளில் நிலைக்காது.

அப்புறம் வேஸ்ட். எப்படிப் பார்த்தாலும் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் துணி கட்டிங் வேஸ்ட்டாகப் போகும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்தால் அது கலர் கலந்த வேஸ்ட், அடிமாட்டு விலைதான் கிடைக்கும். கட்டிங் டேபிள் பக்கத்தில் நாலு சாக்கு தொங்கவிடுங்கள்: வெள்ளை, கறுப்பு, மற்ற கலர், லைக்ரா கலந்தது. வெட்டும்போதே பிரிந்துவிட்டால் தனிக் கூலி கிடையாது. தரையில் விழுந்து எண்ணெயும் தூசியும் பட்டால் விலை போச்சு. கலர் வாரியாகப் பிரித்த வேஸ்ட்டை ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்கள் பஞ்சாக்கி, மறுபடி சாயம் போடாமலேயே கலர் நூலாக நூற்றுவிடுகின்றன. வேஸ்ட் வியாபாரியிடம் எடைச்சீட்டும் பில்லும் கேட்டு வாங்குங்கள். ரீசைக்கிள்டு சான்று கேட்கும் பையர் வரும்போது அந்தச் சீட்டு உதவும்.

படி 3: சாயப்பட்டறையிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

சாயம் உங்கள் கூரையின் கீழ் நடக்கவில்லை, ஆனால் உங்கள் பீஸில்தான் இருக்கிறது. ரேட் மட்டும் கேட்டுவிட்டு லாட்டை இறக்காதீர்கள்.

முதல் கேள்வி: எந்த மெஷின், துணிக்கும் தண்ணீருக்கும் என்ன விகிதம்? 100 கிலோ துணிக்கு ஒன்றுக்குப் பத்து என்றால் ஒரு பாத்துக்கு (ஒரு தடவை மெஷினில் ஊற்றுவதற்கு) 1,000 லிட்டர், ஒன்றுக்கு ஆறு என்றால் 600 லிட்டர். ப்ளீச், சாயம், சோப்பிங், அலசல் என்று பல தடவை தண்ணீர் மாறும். தண்ணீரை விட உப்புதான் பெரிய பிரச்சினை. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்தால் முதல் பட்டறையில் 60 கிலோ, இரண்டாவதில் 36 கிலோ. கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையத்தில் ஆர்.ஓ. தாண்டி மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைப்பதுதான் மிகப்பெரிய செலவு. உப்பு குறைந்தால் அந்தச் செலவும் இறங்கும்.

இரண்டாவது: நூறு லாட்டில் எத்தனை லாட் முதல் தடவையிலேயே ஷேடு சரியாக வருகிறது? ஒரு லாட்டை மறுபடி போட்டால் தண்ணீர், ஸ்டீம், உப்பு எல்லாம் இரட்டிப்பு. துணியின் பலமும் குறையும், ஷிப்மென்ட்டும் தள்ளும். இந்த எண்ணைத் தயங்காமல் சொல்லும் பட்டறை, எழுதி வைக்கும் பட்டறை. கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூட இருந்தாலும் நான் அங்கேதான் போவேன்.

மூன்றாவது: மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி நடப்பில் இருக்கிறதா, எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர், எத்தனை லிட்டருக்கு அனுமதி? நகலை வாங்கி ஃபைலில் வையுங்கள். மழை பெய்யும் ராத்திரியில் ஓடையில் திறந்துவிடும் பட்டறைக்கு உங்கள் துணி போனால், பிடிபடும் நாளில் உங்கள் லாட்டும் உள்ளே மாட்டும். அந்தத் தண்ணீர் யாரோ ஒருவருடைய கிணற்றில் போய்ச் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது.

பையரோடு ஆர்டரைப் பேசி நடத்தும் மெர்ச்சண்டைசர் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. பையர் கேட்கும் அடர் கறுப்பு, நேவி ஷேடுகளுக்கு உப்பும் அலசலும் அதிகம். ஷேடு முடிவாகுமுன் ‘இதற்கு ஒரு படி வெளுத்த ஷேடு சம்மதமா’ என்று சாம்பிளோடு கேட்டுப் பார்க்கலாம். சில பையர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

படி 4: கரண்ட், காற்று, ஸ்டீம்

இதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, வரிசையாகச் செய்துகொண்டு போக வேண்டியதுதான். பழைய தையல் மெஷின்களில் இருக்கும் கிளட்ச் மோட்டார், டெய்லர் பீஸை எடுத்து வைக்கும் நேரத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால்தான் ஓடும். மெஷின் கரண்ட் பாதிக்கு மேல் குறையும், சத்தமும் சூடும் கூடவே குறையும். எல்லா மெஷினையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடும் ஓவர்லாக் லைனில் ஆரம்பியுங்கள்.

கம்ப்ரஸரை ஞாயிற்றுக்கிழமை, எல்லா மெஷினும் நின்ற பிறகு ஆன் செய்து காதை வைத்துக் கேளுங்கள். ‘உஸ்’ என்று சத்தம் வரும் இடமெல்லாம் பணம். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று சுமார் 3 கிலோவாட் கரண்டை விழுங்கும். டியூப் மாற்றவும் கிளாம்ப் போடவும் சில நூறு ரூபாய் ஆகும். அழுத்தத்தையும் பாருங்கள், 6 பார் போதுமென்றால் 7 எதற்கு? ஒரு பார் குறைத்தால் கம்ப்ரஸர் கரண்டில் ஆறேழு சதவீதம் மிச்சம்.

அயர்னிங்கில் ஸ்டீம் குளிர்ந்து மிஞ்சும் சூடான கண்டன்சேட் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் பாய்லருக்கே திருப்புங்கள். பாய்லருக்குப் போகும் தண்ணீர் 6 டிகிரி கூடினால் எரிபொருள் ஒரு சதவீதம் மிச்சமாகும். ஸ்டீம் பைப்புக்கு லேகிங் (சூடு வெளியேறாமல் சுற்றும் உறை) இல்லையென்றால் அந்தச் சூடெல்லாம் அயர்ன் மாஸ்டர் மேல்தான் இறங்கும்.

கூரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட ஷெட்டில் ஏப்ரல், மே மதியம் யாராலும் கவனமாகத் தைக்க முடியாது. வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்து, கூரையில் டர்போ வென்டிலேட்டர் வையுங்கள். மதியத்துக்குப் பிறகு வரும் டேமேஜ் எண்ணிக்கையை முன்னும் பின்னும் எழுதி வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இத்தனையும் செய்து தேவை குறைந்த பிறகுதான் சோலார். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும், ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். 50 கிலோவாட் போட்டால் மாதம் 6,000 யூனிட். மெஷினையும் கம்ப்ரஸரையும் சரிசெய்யாமல் பேனல் போட்டவர்கள், ஓட்டை வழியாகப் போகும் காற்றுக்கும் சேர்த்துப் பேனல் வாங்கியிருக்கிறார்கள். கூரைத் தகரத்தின் வயதையும் முதலில் பாருங்கள். ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டிய தகரத்தின் மேல் இருபத்தைந்து வருடப் பேனலை ஏற்றக் கூடாது.

படி 5: ஆட்கள்

இங்கேதான் நிறைய யூனிட்கள் சறுக்குகின்றன. ஆள் பற்றாக்குறை என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் கேட்டில் நின்று பார்த்தால் ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், நிற்காமல் போய்க்கொண்டும் இருக்கிறார்கள். படி 1-ல் எழுதச் சொன்ன வரியை இப்போது எடுங்கள். 100 பேரில் மாதம் 10 பேர் வேலையை விட்டு நின்றால், வருடத்தில் கம்பெனியே ஒரு முறை புதிதாக மாறுகிறது. புது டெய்லர் கை வேகம் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை குறையும் புரொடக்ஷன், கூடும் ஆல்டர் (பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய பீஸ்), ஏஜென்டுக்குக் கொடுக்கும் கமிஷன் எதுவும் லாப நஷ்டக் கணக்கில் தனியாகத் தெரியாது. சம்பளம் கூடக் கொடுப்பதை விட இது அதிகம் என்று கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியும்.

ஏன் போகிறார்கள் என்று நின்றவர்களையே கேளுங்கள். சூப்பர்வைசர் கேட்டால் பதில் வராது. அவர்கள் மொழி பேசும், அவர்கள் நம்பும் ஒருவர் கேட்க வேண்டும். ஒடிசா, பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் இருந்தால் நோட்டீஸ் போர்டும் அவர்கள் மொழியில் இருக்கட்டும்.

பீஸ் ரேட்டை ஸ்டைல் ஆரம்பிக்குமுன் போர்டில் எழுதிவிடுங்கள். சனிக்கிழமை சம்பளத்தின்போது ரேட் தெரிவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். சம்பளம் காண்ட்ராக்டர் கைக்குப் போகாமல் நேராக டெய்லரின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். செக்கிங், கைமடி, அடுக்கிக்கட்டி போன்ற உதவி வேலைகளில் இருக்கும் பெண்களுக்கும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் அட்வான்ஸ் கேட்டு உங்களிடம் வந்து நிற்கும் நிலையை அது பெரிதும் குறைக்கும்.

ஒன்றரை ஷிப்ட் நம் ஊரில் ஊறிப்போன வழக்கம். ஓவர்டைமுக்குச் சட்டம் சொல்வது இரட்டைச் சம்பளம். ராத்திரி தைத்த பீஸில் வரும் டேமேஜையும் அடுத்த நாள் லீவையும் சேர்த்துப் பார்த்தால், அந்த அரை ஷிப்ட் பல நாள் நஷ்டத்தில்தான் ஓடுகிறது. முதல் கட்டமாக வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஷிப்டோடு நிறுத்திப் பாருங்கள். துணி நேரத்துக்கு வராததால்தான் ராத்திரி ஓட்டுகிறோம் என்றால், பிரச்சினை தையல் லைனில் இல்லை, பிளானிங்கில் இருக்கிறது. தீபாவளி போனஸ் முடிந்ததும் ஆள் குறையும், ஹோலிக்கும் சத் பூஜைக்கும் வடக்கே ரயில் ஏறுவார்கள். எல்லாம் காலண்டரில் இருக்கும் தேதிகள்தான். ஷிப்மென்ட் தேதி ஒத்துக்கொள்ளும்போது அந்தக் காலண்டரையும் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு சின்ன சோதனை. சாயங்காலம் லைனில் நடந்து, பெண்களின் தண்ணீர் பாட்டில்களைப் பாருங்கள். காலையில் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே இருந்தால், கழிப்பறை சரியில்லை என்று அர்த்தம். அல்லது போய்வர சூப்பர்வைசரிடம் கைகட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து தைப்பவருக்குத் தலைவலியும் சிறுநீர்த் தொற்றும் வரும். தாழ்ப்பாள், வெளிச்சம், குழாயில் தண்ணீர், மூடி போட்ட குப்பைத்தொட்டி, இவற்றுக்குப் பெரிய செலவில்லை. முதலாளி தன் வீட்டுப் பெண்ணை அந்தக் கழிப்பறைக்கு அனுப்பத் தயங்கினால் அது இன்னும் சரியாகவில்லை.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழு 2013-ம் வருடச் சட்டப்படி கட்டாயம். பேப்பரில் பெயர் எழுதி ஒட்டினால் போதாது. குழுத் தலைவி யார் என்று ஒரு கைமடிப் பெண்ணைக் கேட்டால் அவருக்குத் தெரிய வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகமும் சட்டக் கடமை. காப்பகம் இருந்தால் கைதேர்ந்த டெய்லர்கள் பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வருவார்கள்.

பாதுகாப்புக்கு ஒரே ஒரு விஷயத்தைத் தினமும் பாருங்கள்: வெளியேறும் கதவு. பேக்கிங் நெருக்கடியில் அட்டைப்பெட்டியும் பண்டிலும் முதலில் அடுக்கப்படுவது அங்கேதான். 2012 நவம்பரில் வங்கதேசத்தின் தஸ்ரீன் ஆலைத் தீயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், வெளியேறும் வழி அவர்களுக்கு அடைபட்டிருந்தது. அடுத்த வருடம் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டுமே நம்மைப் போலத் துணி தைத்த இடங்கள். கதவு முன் மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் எதுவும் வைக்கக் கூடாது என்று ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

படி 6: ஜாப் ஒர்க்காரருக்குப் பணம்

பையர் தாமதித்தால் நாமும் நிட்டிங், பிரின்டிங், எம்பிராய்டரிக்காரர்களுக்குத் தாமதிக்கிறோம். அவர்கள் தங்கள் ஆட்களுக்குத் தாமதிக்கிறார்கள். உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாளுக்கு மேல் நிலுவை வைக்கக் கூடாது என்பது 2006-ம் வருடச் சட்டம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, கெடு தாண்டி நிற்கும் தொகையை, கொடுக்கும் வருடம் வரை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. சொன்ன தேதியில் பணம் தரும் கம்பெனியின் வேலைதான் சீசன் நெருக்கடியில் முதலில் மெஷினில் ஏறும்.

படி 7: இப்போது சான்றிதழ்

எந்தச் சான்றிதழுக்கும் பணம் கட்டுமுன் பையரிடம் எழுத்தில் கேளுங்கள்: எது வேண்டும், எந்த சீசனிலிருந்து? ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று சோதிக்கிறது. காட்ஸ் (GOTS) ஆர்கானிக் நாரையும் பதப்படுத்தும் முறையையும் தொழிலாளர் நிலையையும் சேர்த்துப் பார்க்கிறது. எஸ்ஏ 8000 தொழிலாளர் பக்கம். காட்ஸில் ஒரு விஷயத்தைப் பலர் தாமதமாகவே தெரிந்துகொள்கிறார்கள்: நூல் மில், நிட்டிங், சாயம், தையல் என்று சங்கிலி முழுவதும் சான்று பெற்றிருக்க வேண்டும். சாயப்பட்டறைக்குச் சான்று இல்லையென்றால் உங்கள் சான்று மட்டும் இருந்து அந்த லேபிளை ஒட்ட முடியாது.

குறையில்லாத, சுற்றுச்சூழலைக் கெடுக்காத உற்பத்திக்கு மத்திய அரசு தரும் ஸெட் (ZED) சான்றிதழ் சிறு யூனிட்டுக்கு நல்ல ஆரம்பம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80, சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தர நிறுவனத்துக்கு 50 சதவீதம் மானியம் என்று திட்டத்தில் வைத்திருக்கிறார்கள்.

‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று ஆதாரமில்லாமல் டேக் அடிக்காதீர்கள். நுகர்வோரை ஏமாற்றும் இப்படிப்பட்ட பொதுவான வாசகங்களைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருவதாகத் தேதி குறிக்கப்பட்டிருக்கிறது. மக்கள், பூமி, லாபம் என்ற மூவழிக் கணக்கை 1994-ல் முன்வைத்த ஜான் எல்கிங்டனே, கம்பெனிகள் அதை வெறும் கணக்கெழுதும் வேலையாக்கிவிட்டன என்று 2018-ல் அந்தக் கருத்தைத் ‘திரும்பப் பெறுவதாக’ எழுதினார். ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி ரிஜிஸ்டர் எழுதும் கம்பெனிகளைப் பார்க்கும்போது அவர் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

படி 8: விலை பேசும்போது இந்த எண்களைக் கொண்டுபோங்கள்

ஒரு வருடம் எழுதிய பிறகு உங்களிடம் இருப்பவை: பீஸுக்குத் துணி எவ்வளவு குறைந்தது, பீஸுக்குக் கரண்ட் எவ்வளவு, ஆள் வேலையை விட்டுப் போவது எவ்வளவு குறைந்தது, எத்தனை ஷிப்மென்ட் நேரத்துக்குப் போனது. ஒரே பக்கத்தில் போட்டு பையிங் ஆபீஸிடம் கொடுங்கள். மிச்சமானதையெல்லாம் டிஸ்கவுன்ட்டாகக் கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள். விலைக்குப் பதில் வேறு மூன்றைக் கேளுங்கள்: ஷேடு, சைஸ் முடிவை இரண்டு வாரம் முன்னால் சொல்வது, ஆர்டர் கன்ஃபர்ம் ஆன பிறகு அளவை மாற்றாமல் இருப்பது, பேமென்ட் நாளைக் குறைப்பது. ராத்திரி ஷிப்டும் மறுசாயமும் ஏர் ஃப்ரைட்டும் (விமானத்தில் சரக்கு அனுப்புவது) பெரும்பாலும் கடைசி நேர மாற்றத்தில்தான் பிறக்கின்றன.

ஒத்துக்கொள்ளும் பையருக்கு அடுத்த சீசனில் உங்கள் நல்ல லைனை முதலில் ஒதுக்குங்கள். ஒத்துக்கொள்ளாதவரின் ஆர்டரில் ஓவர்டைம், மறுசாயம், ஏர் ஃப்ரைட் மூன்றையும் நோட்டில் தனி வரிசையில் எழுதிவாருங்கள். அடுத்த காஸ்டிங் ஷீட் போடும்போது அந்தத் தொகை அவர் விலையில் ஏற வேண்டும்.